உங்களுக்குத் தெரியுமா? கேபிளை வெட்டுமுன் கொஞ்சம் பொறுங்க!

★ படத்தை மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் வேலையைக் கொங்கு மண் நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் அவர் கட்டிய நிரந்தர அரங்கம்தான் வெரைட்டி ஹால். வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் வந்தது அதனால்தான்.

★ சன் டிவி பிறந்தது 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று. ஆரம்பத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான் நிகழ்ச்சி. அதே குழுமம் சன் நெக்ஸ்ட் என்ற செயலியோடு ஓடிடிக்கு வந்தது 2017 ஜூனில்.

★ 2011 செப்டம்பர் 2-ல் தமிழக அரசின் கேபிள் டிவி நிறுவனமான அரசு கேபிள் மறுபடி உயிர்பெற்றபோது மாதக் கட்டணம் 70 ரூபாய். அதில் 20 ரூபாய் அரசு நிறுவனத்துக்கு, மீதி 50 கேபிள்காரருக்கு. இன்று ஒரு சினிமா டிக்கெட்டுக்கே அந்தக் காசு போதாதுங்க!

★ கேபிளை டிஜிட்டலாக்க மத்திய அரசு இரண்டாம் கட்டத்தில் 38 நகரங்களைக் குறித்தது. அதில் இருந்த ஒரே தமிழக ஊர் கோவை. கெடு 2013 மார்ச் 31. ஆனால் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கைக்கு வந்ததே 2017 ஏப்ரலில்தான்.

★ வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கட்டும் பழக்கம் ஓடிடி கொண்டுவந்ததல்ல. 2019 பிப்ரவரி 1 முதல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதைக் கேபிளிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயாக இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.153.40. கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு.

★ தியேட்டருக்குப் போகாமல் நேராக ஓடிடிக்கு வந்து தியேட்டர்காரர்களைக் கொதிக்கவைத்த 'பொன்மகள் வந்தாள்' (2020 மே 29), ஊட்டியில் நடக்கும் கதை. பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையிலிருந்து உருவான 'சேத்துமான்' கொங்குப் பேச்சோடு 2022 மே மாதம் சோனி லிவ்வில் நேரடியாக வெளியானது.

★ ஆனைமலைப் பக்கம் மழை பிடித்தால் டிடிஹெச் படம் உறைவது ஏன்? அதன் சின்னத் தட்டுக்கு வரும் அலையின் நீளம் சுமார் 2.5 செ.மீ.; மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். கேபிள்காரர் மொட்டைமாடியில் வைத்திருக்கும் பெரிய டிஷ் பிடிப்பது 7 செ.மீ.க்கும் நீளமான அலை. அதற்கு மழை அவ்வளவாக உறைக்காது.

★ கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டில் விசில் பறந்த பிறகுதான் உங்கள் போனில் சிக்ஸர் தெரிகிறதா? போன் மீது தப்பில்லை. ஓடிடி நேரலையைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள்; இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகே செயலி ஓட்டத் தொடங்கும். கேபிள் இணைப்பு உள்ள வீடு முந்திக்கொள்வது அதனால்தான்.

★ ஹெச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் 3 ஜிபி வரை செலவாகலாம். நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டவருக்கு இடைவேளை வருமுன்பே டேட்டா காலி. அதனால்தான் ஓடிடிக்கு மாறும் வீடுகள் முதலில் தேடுவது பிராட்பேண்டு.

★ அந்த பிராட்பேண்டு இணைப்பைக் கொடுக்க வருகிறவர் யார்? பல தெருக்களில் அதே பழைய கேபிள்காரர்தான்! செம்பு வயர் போன வழியில் இப்போது கண்ணாடி இழை போகிறது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழை இழுக்கும் வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் எடுத்திருக்கிறது.

★ மாதச் சந்தாவே இல்லாமல் டிவி பார்க்க இன்றும் வழி உண்டு. 2004-ல் தொடங்கிய டிடி ஃப்ரீ டிஷ்: தட்டும் பெட்டியும் வாங்க ஒருமுறை செலவு, அவ்வளவுதான்.

★ கேபிளில் ஒரே ரிமோட்டில் வந்த சீரியல்கள் ஓடிடியில் மூன்று வீட்டுக்குப் பிரிந்து போய்விட்டன. சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்டில், விஜய் டிவி சீரியல் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் சீரியல் ஜீ5-ல். ஆகவே கேபிளை வெட்டலாமா என்று இணையத்தில் தேடாதீங்க; வீட்டில் அம்மாயி எந்தெந்த சீரியல் பார்க்கிறாங்க என்று எண்ணிப் பாருங்க. மூன்று சேனலும் வேணுமென்றால், மூன்று சந்தாவையும் பிராட்பேண்டு பில்லையும் கூட்டிவிட்டு அப்புறம் கேபிள்காரருக்குப் போன் போடுங்க!