பல்வலிக்கு இரவில் எந்தக் கதவு திறக்கும்?

இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு வலித்தால் எங்கே செல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பாம்பு கடித்தாலும் கால் முறிந்தாலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு திறந்திருக்கும். அதே நேரத்தில் கடைவாய்ப்பல் ஒன்று தாங்க முடியாமல் வலிக்கத் தொடங்கினால் நமக்கு மிஞ்சுவது ஒரு வலிநிவாரணி மாத்திரை, கொஞ்சம் கிராம்பு எண்ணெய், விடியும்வரை காத்திருப்பு. ‘பல்வலிதானே’ என்ற அலட்சியம் நம் வீடுகளில் மட்டுமல்ல, நமது மருத்துவக் கட்டமைப்பிலும் ஊறிக் கிடக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் சுமார் 350 கோடிப் பேர் வாய்சார்ந்த நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளனர். நிரந்தரப் பற்களில் சொத்தை இருந்தும் சிகிச்சை பெறாதோர் மட்டுமே ஏறத்தாழ 200 கோடிப் பேர். இவ்வளவு பரவலான ஒரு நோய், அவசர சிகிச்சை பற்றிய விவாதங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

வலி சொல்லும் கதை

பல்லின் மேற்பூச்சான எனாமலில் நரம்புகள் இல்லை. எனவே, சொத்தை அங்கே இருக்கும்வரை வலி தெரியாது. அடுத்த அடுக்கை எட்டும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் கூசும். இந்தக் கட்டத்தில் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால், ஒரே அமர்வில், குறைந்த செலவில் பிரச்சினை முடிந்துவிடும். தவறவிட்டால், கிருமிகள் பல்லின் நடுவே உள்ள பற்கூழை அடைகின்றன. உடலின் மற்ற பகுதிகளில் அழற்சி ஏற்பட்டால் திசு வீங்கிக்கொள்ள இடமுண்டு. சுற்றிலும் கடினமான சுவர் கொண்ட பல்லுக்குள் அந்த இடமில்லை. உள்ளே அழுத்தம் கூடுகிறது, வலி தெறிக்கிறது. படுத்தால் தலைப்பகுதியில் ரத்த அழுத்தம் சற்றே உயர்வதால், வலி இரவில் உக்கிரமடைகிறது.

சில நாட்களில் வலி தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. குணமாகிவிட்டது என்று பலரும் நிம்மதி அடைவது இப்போதுதான். உண்மையில், பற்கூழ் செத்துவிட்டதால்தான் வலி நின்றிருக்கிறது. தொற்று ஓசையின்றி வேரின் நுனியைத் தாண்டி எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த முறை அது சீழ்க்கட்டியாக, கன்ன வீக்கமாக வெளிப்படும். ஒரு சிறு அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை, இப்போது ‘ரூட் கேனல்’ எனப்படும் வேர் சிகிச்சையும் அதன் மேல் பொருத்தும் உறையுமாகச் சேர்ந்து பல ஆயிரம் ரூபாய் கேட்கும்.

உயிருக்கும் ஆபத்து

கீழ்க் கடைவாய்ப்பல்லின் தொற்று நாவுக்கு அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுப் பாதையை அடைத்துவிடக்கூடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836இல் விவரித்த இந்த நிலை, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

பல் சிகிச்சை எட்டாக்கனியானால் என்ன நேரும் என்பதற்கு, செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. மேரிலாண்ட் மாநிலத்தில் 2007இல், 12 வயதுச் சிறுவன் ஒருவனின் பல் தொற்று மூளைக்குப் பரவியது. இரண்டு அறுவைசிகிச்சைகளுக்குப் பிறகும் அவன் இறந்துபோனான். சுமார் 80 டாலர் செலவில் அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அந்த மரணம் எழுப்பிய அதிர்வலைகளின் தொடர்ச்சியாக, 2009இல் அங்கே குழந்தைகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பல் சிகிச்சை கட்டாயமாக்கப்பட்டது.

மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருத்துவம்?

நம் நாட்டில் பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். தமிழகத்திலோ சென்னையில் 1953இல் தொடங்கப்பட்ட கல்லூரி, சிதம்பரம், புதுக்கோட்டை என அரசுக் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும் கட்டணம் செலுத்திப் படித்து, கடன் வாங்கிக் கருவிகள் வாங்கும் இளம் மருத்துவர், செலவை மீட்கக்கூடிய நகரத்தில்தான் கிளினிக் திறப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். ஆனால், புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம் பெரும்பாலும் முற்பகலோடு முடிந்துவிடுகிறது. தினக்கூலித் தொழிலாளிக்கு அந்த முற்பகல் என்பது ஒரு நாள் கூலி. வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை வர வேண்டும் என்றால், அத்தனை நாள் கூலியையும் அவர் இழக்க வேண்டும். எனவேதான், காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லையும் ‘பிடுங்கிவிடுங்கள் டாக்டர்’ என்கிறார். வழக்கமான மருத்துவக் காப்பீடுகளும் விபத்தால் ஏற்படும் காயங்களைத் தவிர மற்ற பல் சிகிச்சைகளைப் பொதுவாக ஏற்பதில்லை.

இந்த இடைவெளியை மருந்துக் கடைகள் நிரப்புகின்றன. பற்கூழ் அழற்சியால் வரும் வலியை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது. பல்லைத் திறந்து சுத்தம் செய்வதோ அகற்றுவதோதான் தீர்வு. தொற்று உடலில் பரவத் தொடங்கியதன் அறிகுறிகள் தென்படும்போதுதான் அந்த மருந்துக்கு வேலை. அதையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

சில செய்திகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது. முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலுடன் வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அடிபட்டு நிரந்தரப் பல் விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரை அடைந்தால் அதை மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. வலிக்கும் பல்லின் அருகே ஆஸ்பிரின் மாத்திரையை வைப்பது ஈறைப் புண்ணாக்கும், கூடவே கூடாது.

அரசு செய்ய வேண்டியவை இதைவிடப் பெரியவை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இரவிலும் ஒரு பல் மருத்துவர் பணியில் இருக்க வேண்டும். வட்ட மருத்துவமனைகளில், வாரத்தில் சில நாட்களாவது பல் பிரிவு மாலையில் இயங்க வேண்டும். பல்லைப் பிடுங்குவதோடு நில்லாமல், வேர் சிகிச்சையும் அங்கே கிடைக்க வேண்டும். பட்டம் பெற்றும் உரிய வேலையின்றி இருக்கும் இளம் பல் மருத்துவர்களை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஃபுளூரைடு பற்பசையையும் எளிய அடைப்புப் பொருட்களையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பள்ளிகளிலேயே சொத்தையைக் கண்டறிந்து அடைப்பது, பிற்காலத்தில் வேர் சிகிச்சைக்குச் செலவிடுவதைவிட மலிவானது.

பல் என்பது உடலின் ஓர் உறுப்புதான். அதன் வலிக்கு மட்டும் பகல் நேரமும் பணவசதியும் வேண்டும் என்ற நிலை நீடிக்கக் கூடாது.