நெறிக்கட்டுக்கு நடுங்கிய பெங்களூர்

காலில் முள் குத்தினாலோ, கல் தட்டிப் பெருவிரல் நகம் பெயர்ந்தாலோ இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தோன்றும். தொட்டால் வலிக்கும். நடந்தால் இழுக்கும். "நெறி கட்டியிருக்கு, வேறொன்றுமில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி, காலில் உள்ள புண்ணுக்கு மஞ்சளை இழைத்துப் போடுவார்கள். புண் ஆறியதும் நெறியும் தானே அடங்கிவிடும்.

1898-ம் ஆண்டின் பிற்பகுதியில் பெங்களூரில் யாரும் இப்படிச் சாவகாசமாகப் பேசமுடியவில்லை. அந்த ஒரு நெல்லிக்காய்க் கட்டி போதும், கூலிக்காரனோ குமாஸ்தாவோ யாராயிருந்தாலும் குடும்பத்திலிருந்து பிரித்து ஊருக்கு வெளியே முகாமில் கொண்டுபோய் வைப்பதற்கு. நகரத்தில் பிளேக் புகுந்திருந்தது.

பம்பாயில் 1896-ல் பரவிய நோய் ரயில் பாதையோடு தெற்கே இறங்கியது. ஹூப்ளியைக் கடுமையாக வாட்டிவிட்டு, 1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. அப்போது பெங்களூர் ஒரே ஊர் அல்ல, இரண்டு ஊர்கள். பேட்டை மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. தண்டு என்று இன்றும் பழையவர்கள் சொல்லும் கண்டோன்மெண்ட் வெள்ளைக்காரர் நிர்வாகத்தில் இருந்தது. 1809-ல் தண்டு ஏற்பட்டதிலிருந்தே சென்னை ராணுவத்தோடு கூட வந்த தமிழர்கள் அங்கே நிறையப் பேர். சிப்பாய்கள், சமையற்காரர்கள், பட்லர்கள், கொத்தர்கள், கூலிகள், கடைக்காரர்கள் என்று அலசூரிலும் இன்றைய சிவாஜி நகர்ப் பகுதியிலும் நெருக்கமாக வாழ்ந்துவந்தார்கள். எலி இரண்டு ஊருக்கும் பொது. பேட்டையின் தானிய மண்டிகளில் கொழுத்த எலிக்குத் தண்டின் எல்லை எங்கே தெரியும்?

பேட்டையில் நோயை எதிர்த்து நின்ற மைசூர் நிர்வாகத்தின் தலைமையில் இருந்தவர் திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிளேக் கமிஷனராக நியமிக்கப்பட்ட வி. பி. மாதவ ராவ் கும்பகோணத்தில் பிறந்தவர், பின்னாளில் தாமே திவானாக வந்தவர். இவர்கள் இருவரும் திறமைசாலிகள்தான். ஆனால் எதிரி யார் என்பது அன்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களுக்கு யோசனை சொன்ன டாக்டர்களுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது காய்ச்சலும் கட்டியும்தான்.

கெட்ட ரத்தம் என்ற கதை

வீக்கம் என்றால் என்ன என்று மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளாக யோசித்துவந்திருக்கிறான். ரோமாபுரியில் கெல்சுஸ் என்பவர் முதல் நூற்றாண்டிலேயே அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் குறித்துவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இன்றைய மருத்துவ மாணவனும் இந்த நான்கையும் மனப்பாடம் செய்கிறான். அடையாளம் சரி, காரணம்தான் பிடிபடவில்லை. அடுத்த நூற்றாண்டில் வந்த காலென் என்ற கிரேக்க வைத்தியர், ஓரிடத்தில் ரத்தமும் மற்ற நீர்களும் மிஞ்சித் தேங்குவதால்தான் வீங்குகிறது என்றார். தேங்கியதை வெளியேற்றினால் தீர்ந்தது என்பது அதிலிருந்து பிறந்த வைத்தியம். நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். அட்டை விட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்தில் புரூசே என்ற டாக்டர் எந்த நோய்க்கும் அட்டையே மருந்து என்று நின்றார். 1833-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் பிரான்ஸ் தேசம் 4 கோடிக்கு மேல் அட்டைகளை வெளிநாடுகளிலிருந்து வரவழைத்தது என்றால் அந்த மோகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு வைத்தியமும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் நிலைகுலைவில் காரணத்தைத் தேடியது. தொடை இடுக்கில் வரும் கட்டிக்கு அரையாப்பு என்று பெயரே வைத்திருந்தார்கள். கட்டி இளசாக இருந்தால் பற்றுப்போட்டு அமுக்கப் பார்ப்பார்கள். அமுங்காது என்று தெரிந்தால் பழுக்கவைத்து உடைப்பார்கள். அட்டை விடுவதும், ஒத்தடம் கொடுப்பதும், சுட்டுக் காரம் வைப்பதும் இங்கேயும் உண்டு.

கிழக்கும் மேற்கும் ஒரே அடுக்களையில் சந்தித்த கதை ஒன்றும் உண்டு. 1348-ல் ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோயின்போது, போப்பாண்டவருக்கு வைத்தியராக இருந்த கி த சோலியாக் என்பவர் மற்றவர்களைப்போல ஓடிவிடாமல் ஆவிஞோன் நகரத்திலேயே தங்கினார். அவரையும் நோய் பிடித்தது. காய்ச்சலோடு தொடை இடுக்கில் கட்டி. பல வாரம் படுக்கையில் கிடந்து பிழைத்தார். இப்படிப்பட்ட கட்டிகளுக்கு அத்திப்பழத்தையும் வேகவைத்த வெங்காயத்தையும் மசித்துக் கட்டிப் பழுக்கவைத்து, பிறகு திறந்துவிட்டதாகத் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். கட்டி பழுக்கச் சுட்ட வெங்காயத்தை வைத்துக் கட்டும் நம் பாட்டிமார்கள் அவருடைய நூலைப் படித்ததில்லை!

இந்தப் பற்றும் வெங்காயமும் பிளேக்கைத் தீர்க்கவில்லை. ஆனால் கட்டி பழுத்து உடைந்தவர்களில் பிழைத்தவர்கள் அதிகம் என்பதைப் பழைய வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். கெட்ட ரத்தம் வெளியேறியதால் பிழைத்தார்கள் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். விஷயம் தலைகீழானது. அத்தனை நாள் தாக்குப்பிடித்து உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் கட்டி பழுக்கவே அவகாசம் கிடைத்தது.

கட்டிக்குள் இருந்தது என்ன?

1867-ல் கோன்ஹைம் என்ற ஜெர்மானியர், வீங்கிய இடத்தில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் நுண்ணிய குழாய்ச் சுவர்களைத் தாண்டி வெளியே வருவதை நுண்நோக்கியில் காட்டினார். வீக்கம் என்பது வெறும் தேக்கமல்ல, ஆள் திரட்டல் என்று அதன்பிறகுதான் மெல்லத் தெரியவந்தது. நெறிக்கட்டும் அப்படித்தான். காலிலிருந்து வரும் நிணநீர் தொடை இடுக்கிலுள்ள முடிச்சுகள் வழியாகத்தான் மேலே போகவேண்டும். சுங்கச்சாவடியில் சரக்கைச் சோதிப்பதுபோல முடிச்சு அதைச் சோதித்து, கிருமி வந்தால் அங்கேயே மடக்குகிறது. சண்டை நடக்கும் இடம் வீங்குகிறது. முள் குத்திய காலுக்கு நெறி கட்டுவதும் இதனால்தான், பிளேக்குக்குக் கட்டுவதும் இதனால்தான்.

1894 ஜூனில் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைத் தேடிப் போனவர் அலெக்சாந்தர் எர்சேன். ஜப்பானிலிருந்து வந்திருந்த கிட்டசாட்டோவின் குழுவுக்குத்தான் அங்கே உபசாரம். எர்சேனுக்குப் பிணவறைக் கதவு திறக்கவில்லை. பிணங்களைப் புதைக்கும் வேலையில் இருந்த ஆங்கில மாலுமிகளுக்குக் கையில் காசு கொடுத்துச் சில நிமிடம் அனுமதி வாங்கினார். நேராகத் தொடைக் கட்டியைக் கீறி, உள்ளேயிருந்ததை எடுத்துவந்து நுண்நோக்கியில் பார்த்தார். கூழாகக் கிருமிகள்! இன்று அந்தக் கிருமிக்கு அவர் பெயரே வழங்குகிறது.

கிருமி தெரிந்தது. அது மனிதனுக்குள் எப்படிப் போகிறது என்பதைக் கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டுபிடித்தார். சில நோயாளிகளின் காலில், கட்டி தோன்றுவதற்கு முன்பே, சிறு கொப்புளம் ஒன்று இருப்பதை அவர் கவனித்தார். ஏதோ கடித்த தடம். செத்த எலியைவிட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சிதான் மனிதனைக் கடிக்கிறது என்று 1898 ஜூன் 2-ம் தேதி எலிகளை வைத்துச் சோதனை செய்து காட்டினார். பெங்களூரில் நோய் நுழைய அப்போது ஏறக்குறைய இரண்டு மாதம்தான் மீதமிருந்தது. கேட்டவர்கள் ஏற்கவில்லை. சிமோன் சொன்னது உண்மை என்று இந்தியாவில் உறுதிப்பட மேலும் ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை மனிதனிடமிருந்து மனிதனுக்கும், அழுக்கிலிருந்தும், துணிமணியிலிருந்தும் நோய் ஒட்டுகிறது என்ற நம்பிக்கையில்தான் சர்க்கார் நடவடிக்கைகள் நடந்தன.

அக்குளைத் தடவிய கைகள்

1897-ல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு வரம்பில்லாத அதிகாரம் கொடுத்தது. ரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்தி, கழுத்தையும் அக்குளையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்த்தார்கள். பிளேக் கண்ட ஊரிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வருகிறவர்கள் பிளேக் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் சில நாட்கள் அதிகாரி முன்னால் ஆஜராகவேண்டும். பூனாவில் பட்டாளத்துச் சிப்பாய்களே வீடு வீடாகப் புகுந்தார்கள். பெண்களின் உடம்பில் கைவைத்தார்கள் என்ற ஆத்திரம் கொழுந்துவிட்டது. அங்கே பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22-ம் தேதி சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டு, ஜூலை தொடக்கத்தில் இறந்தார்.

தடவும் கைக்குத் தட்டுப்படும் கட்டி பிளேக் கட்டிதானா? அங்கேதான் ஏழைக்கு ஆபத்து. வெறுங்காலோடு கல்லும் மண்ணும் சுமக்கிற கூலிக்காரனுக்குக் காலில் புண் இல்லாத நாள் உண்டா? யானைக்கால் காய்ச்சலிலும் நெறி கட்டும். மேகநோயிலும் கட்டும். காய்ச்சலும் கட்டியும் சேர்ந்திருந்தால் விரல் நுனியை வைத்து வித்தியாசம் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. பூட்ஸ் போட்ட உத்தியோகஸ்தருக்கு இந்தத் தொல்லை குறைவு.

மக்கள் என்ன செய்வார்கள்? மறைத்தார்கள். காய்ச்சலோடு வேலைக்குப் போனார்கள். சொந்த ஊரைப் பார்த்து ஓடினார்கள். போகிற இடத்துக்குத் துணிமூட்டையில் தெள்ளுப்பூச்சியையும் கொண்டுபோனார்கள். நோயை அடைக்கப் போட்ட வேலியே நோயைப் பரப்பியது.

மக்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றும் உண்டு. வீட்டில் எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலிசெய்துவிட்டு வெட்டவெளியில் கொட்டகை போட்டுத் தங்குவது. தெள்ளுப்பூச்சியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதைவிட நல்ல தற்காப்பு அன்று கிடையாது.

முகாம்களிலும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் பல்பு. திருவனந்தபுரத்து ஈழவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியும், சாதியைக் காட்டித் திருவிதாங்கூர் சர்க்கார் வேலை தர மறுத்துவிட்டது. மைசூர் சர்க்கார் கொடுத்தது. தம் ஊரில் தொடக்கூடாதவர் என்று தள்ளப்பட்டவர், பெங்களூர் பிளேக் முகாமில் மற்றவர்கள் தொட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். பின்னாளில் ஸ்ரீ நாராயண குருவோடு சேர்ந்து கேரளத்தில் பெரிய சமூக இயக்கத்தை வளர்த்தவர் இவரே.

தடுப்பூசி இருந்தது. ஹாப்கின் என்பவர் பம்பாயில் அதைத் தயாரித்து 1897 ஜனவரி 10-ம் தேதி முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். ஓரளவு காத்தது. வந்துவிட்ட நோய்க்கு மருந்துதான் இல்லை. மருந்து கிடைக்காத காலத்தில் கட்டி பிளேக் கண்டவர்களில் பாதிக்குப் பாதி இறந்தார்கள். நுரையீரலைத் தாக்கும் வகையில் அநேகமாக ஒருவரும் பிழைக்கவில்லை. டாக்டர்கள் கைவிட்ட இடத்தில் ஜனங்கள் மாரியம்மனிடம் போனார்கள். கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில் இருக்கிறது. பெங்களூரிலும் பிளேக் அம்மனுக்குக் கோயில் உண்டு.

நகரத்தின் முகம் மாறியது. முன்பே திட்டமிட்டிருந்த மல்லேசுவரமும் பசவனகுடியும் நெருக்கடியிலிருந்து தப்பி வந்தவர்களால் வேகமாக நிரம்பின. 1897-ல் மகாராணி அடிக்கல் நாட்டிய விக்டோரியா ஆஸ்பத்திரி, 1900 டிசம்பரில் கர்ஸன் பிரபுவால் திறக்கப்பட்டது. தண்டுப் பகுதியில், எலி புகாத வீடுகள் வேண்டும் என்ற நோக்கத்தோடு பிரேசர் டவுன் எழுந்தது. அகலத் தெருவும் காற்றோட்டமும் முதலில் கிடைத்தது மனை வாங்க முடிந்தவர்களுக்குத்தான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பிளேக் பல ஆண்டுகள் வருவதும் போவதுமாக இருந்தது.

1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின்தான் கணக்கை மாற்றியது. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். கட்டியை இப்போது கத்தியால் கிழிப்பதில்லை. ஊசியால் சிறிது நீர் எடுத்து, எர்சேன் பார்த்ததுபோலவே நுண்நோக்கியில் பார்க்கிறார்கள். கட்டிக்கு அல்ல, கிருமிக்கு மருந்து.

1994-ல் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியபோது லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். ஸ்டேஷன்களில் மறுபடியும் பயணிகளை நிறுத்திப் பார்த்தார்கள். கர்நாடகமும் ஆந்திரமும் தமிழ்நாடும் சந்திக்கும் கோலார், ஓசூர் வட்டாரம் பழைய பிளேக் பிரதேசம் என்பதால் அங்கே கண்காணிப்பு நிற்கவில்லை. மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த பிளேக் கண்காணிப்புப் பிரிவு பெங்களூரில் இருக்கிறது. அதன் ஊழியர்கள் ஊர் ஊராகப் பொறி வைத்து எலி பிடிக்கிறார்கள். பிடித்த எலியைச் சீப்பால் வாரி, உதிரும் தெள்ளுப்பூச்சிகளை ஒன்று இரண்டு என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்.