சாட்சியா? ஜாமீனா?
கையெழுத்துப் போடும் முன் இங்கிலீஷ் சொல்லைப் பாருங்கள்!

"ஒரு கையெழுத்துதானே, மாமா! சும்மா சாட்சிக்குத்தான். போட்டுக் கொடுங்கள்!"

தங்கை மகன் வந்து இப்படிக் கேட்டால் எந்த மாமா மறுப்பார்? மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்துப் போடுகிறார். மருமகன் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுகிறான்.

இரண்டு ஆண்டு கழித்துப் பாங்கியில் இருந்து நோட்டீசு வருகிறது. "கடன் 2 லட்சம் ரூபாயைக் கட்டு" என்கிறது நோட்டீசு!

"நான் சாட்சிதானே?" என்று மாமா பதறுகிறார். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், அவருடைய கையெழுத்துக்குக் கீழே 'விட்னஸ்' என்று இல்லை. 'கியாரண்டர்' என்று இருக்கிறது!

ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்து போகலாம். கடன் பத்திரத்தில் வருகிற இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்? பார்ப்போம்.

விட்னஸ்

இதற்குச் சாட்சி என்று பொருள். "இவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன்" என்று சொல்பவர் இவர். வழக்கு வந்தால் கோர்ட்டில் சாட்சி சொல்ல நேரலாம். ஆனால் கடனை இவர் கட்ட வேண்டியதில்லை.

பாரோவர், கோ-பாரோவர்

'பாரோவர்' என்றால் கடன் வாங்குபவர். 'கோ' என்றால் 'கூட' என்று பொருள். கூட்டுறவுச் சங்கத்தை 'கோ-ஆபரேடிவ் சொசைட்டி' என்கிறோமே, அந்த 'கோ'தான் இது! ஆகவே 'கோ-பாரோவர்' என்றால், கூடச் சேர்ந்து கடன் வாங்குபவர். வீட்டுக் கடனில் கணவனோடு மனைவியும் இப்படிக் கையெழுத்துப் போட்டால், அவரும் கடன்காரர்தான்.

கியாரண்டர், ஷூரிட்டி

இரண்டும் ஒன்றே. ஜாமீன்தாரர் என்று பொருள். கடையில் கடிகாரம் வாங்கும்போது 'கியாரண்டி' கேட்கிறோம். அங்கே கடைக்காரர் நமக்கு உறுதி தருகிறார். இங்கே நாம் பாங்கிக்கு உறுதி தருகிறோம். "அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்பதே அந்த உறுதி.

"முதலில் கடன் வாங்கியவனிடம் கேட்கட்டும். அவனிடம் பெயராவிட்டால் என்னிடம் வரட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு என்ன சொல்கிறது? பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. கடன் வாங்கியவரை விரட்டி முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பது இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டும் 1968-ல் தீர்ப்புக் கூறியது.

கூட்டுச் சொற்கள் இரண்டு

'ஜாயிண்ட் அண்ட் செவரல்' என்று ஒரு தொடர் வரும். 'செவரல்' என்றால் 'பல' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இங்கே அதற்குப் பொருள் வேறு: 'தனித்தனியாக'! நான்கு பேர் இப்படிக் கையெழுத்துப் போட்டால், ஆளுக்குக் கால் பங்கு என்று எண்ணாதீர்கள். முழுக் கடனையும் ஒருவரிடமே கேட்கலாம்.

'கன்டின்யூயிங் கியாரண்டி' என்பது தொடர் ஜாமீன். இந்த ஒரு கடனுக்கு மட்டும் அல்ல, அடுத்தடுத்து வருகிற கடனுக்கும் சேர்த்து. நோட்டீசு கொடுத்து இதை நிறுத்தலாம். ஆனால் இனி வரும் கடனுக்குத்தான் அது செல்லும். முன்பு வாங்கிய கடனுக்குப் பொறுப்பு நீங்காது.

ஜாமீன்தாரர் பணத்தைக் கட்டிவிட்டால், அதைக் கடன் வாங்கியவரிடம் கேட்டுப் பெற அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அவன் கையில் பணம் இருந்தால் பாங்கிக்கே கட்டியிருப்பானே!

எழுத்தைக் கவனியுங்கள்

இங்கிலீஷ் அதிகம் தெரியாவிட்டாலும் இதை நினைவில் வையுங்கள். 'டபிள்யூ'வில் தொடங்கினால் விட்னஸ். 'ஜி'யில் தொடங்கினால் கியாரண்டர். 'எஸ்' என்று தொடங்கினால் ஷூரிட்டியாக இருக்கலாம். கையெழுத்து என்று பொருள்படும் 'சிக்னேச்சர்' என்ற சொல்லாகவும் இருக்கலாம். ஆகவே முதல் எழுத்தோடு நிற்காமல், படித்த பிள்ளையைக் கூப்பிட்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட பத்திரத்துக்கு ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

உறவுக்கு உதவ வேண்டியதுதான். தெரிந்தே ஜாமீன் நிற்பது பெருந்தன்மை. சாட்சி என்று நினைத்து ஜாமீன் நின்றால், பணமும் போகும், உறவும் போகும்.

அடுத்த முறை மருமகன் வந்தால், காப்பி கொடுங்கள். "பத்திரத்தை வைத்துவிட்டுப் போ, தம்பி. படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்!