வீட்டிலேயே டி-ஷர்ட் பிரிண்ட் போட்டு விற்கிறீங்களா? இதைக் கவனிங்க!

வார நாள்ல வேலை, ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர் வீட்டுல ஹீட் பிரஸ். திருப்பூர் பிளெயின் டி-ஷர்ட்ல டிசைன் ஒட்டி இன்ஸ்டாகிராம்ல விற்கிறீங்களா?

டி-ஷர்ட்டை மட்டும், அதுவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால், ஆண்டு விற்பனை ₹40 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. உங்க சம்பளம் இந்தக் கணக்குல சேராது. கஸ்டமர் தர்ற சட்டையில பிரிண்ட் மட்டும் போட்டுக் கொடுத்தா அது சேவை. வரம்பு ₹20 லட்சம்.

ஆனா பெங்களூருக்கு ஒரே ஒரு டி-ஷர்ட் விற்று அனுப்பினாலும் பதிவு கட்டாயம்! வெளிமாநில விற்பனைக்கு அந்த 40 லட்சம் வரம்பு பொருந்தாது.

பதிவு எடுத்துட்டா, விற்பனையே இல்லாட்டியும் ரிட்டர்ன் போடணும். தவறினா தாமதக் கட்டணம். அதனால வெளிமாநில ஆர்டர் நிலையா வரும்னு தெரிஞ்ச பிறகு பதிவு எடுங்க. அதுவரை அந்த ஆர்டர்களை ஏற்காதீங்க.

வருமான வரியில இது தொழில் வருமானம். வழக்கமான ஐடிஆர்-1 செல்லாது. ஐடிஆர்-4 உங்களுக்குப் பொருந்துமான்னு பாருங்க.