எண்ணும் எந்திரமும்

மரம் செதுக்கும் கணினி எந்திரத்தை மாணவரே தம் கையால் செய்துகொள்ளும் காலம் இது. அலுமினியச் சட்டமும் திருகுத் தண்டும் ஸ்டெப்பர் மோட்டாரும் கடைத்தெருவில் கிடைக்கின்றன. இயக்கும் மென்பொருளோ விலையின்றியே கிடைக்கிறது. லினக்ஸ் சி.என்.சி. அத்தகையது. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 1990களில் உருவாக்கிய மென்பொருளிலிருந்து பிறந்தது அது. ஒன்பது அச்சுகள் வரை இயக்க வல்லது.

ஆயினும், நம் எந்திரம் எத்தகையது என்பதை அது தானாக அறியாது. ஐ.என்.ஐ. என்னும் கோப்பில் நாம்தாம் எண்களால் எழுதித் தரவேண்டும். அவ்வெண்களை அது அப்படியே நம்பும். எனவே அவை மெய்யாக இருத்தல் வேண்டும்.

முதல் எண் அளவீடு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கிறது, டிரைவர் ஒவ்வோர் அடியையும் 8 சிற்றடிகளாகப் பகுக்கிறது, ஆக 1,600. தண்டு ஒரு சுற்றில் 5 மி.மீ. நகர்த்துமானால், ஒரு மி.மீ.க்கு 320 சிற்றடிகள். தவறி 160 என்று எழுதினால், 100 மி.மீ. போகச் சொன்ன எந்திரம் 50 மி.மீ.இல் நின்றுவிடும். திரையோ 100 என்றே காட்டும்!

அடுத்தவை வேகமும் முடுக்கமும். இவற்றை அளவுக்கு மீறி வைத்தால் மோட்டார் அடி தவறும். திரும்பிச் செய்தி சொல்லும் என்கோடர் இல்லாத அமைப்பில், மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே சிறிது சிறிதாக உயர்த்திச் சோதித்து, அடி தவறும் எல்லைக்கு நன்கு கீழே நிறுத்துக.

இங்கே எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். பாலம் போன்ற சட்டத்தின் இரு கால்களுக்கும் தனித்தனி மோட்டார் வைத்தோம். தொடக்க இடத்தைக் காட்டும் சுவிட்சை ஒரு காலில் மட்டுமே பொருத்தினோம். மின்சாரம் நின்றபோது மற்றொரு கால் சிறிது பின்தங்கிவிட்டது. அதை அறியாமல் வெட்டிய சதுரங்களெல்லாம் சாய்ந்துபோயின. ஒரு மாதச் சேமிப்பில் வாங்கிய பலகை வீணாயிற்று.

பரிகாரம் எளிது. இரு காலுக்கும் சுவிட்சு வேண்டும். ஹோம் சீக்வென்ஸ் என்னும் வரியில் இரண்டுக்கும் ஒரே எதிர்ம எண்ணை, காட்டாக -1 என்பதைத் தரவேண்டும். அப்போது இரண்டும் தத்தம் சுவிட்சைக் கண்டறிந்து, இறுதியில் ஒருசேர நகரும். பின்னர் ஒரு பெரிய சதுரத்தை வெட்டி, இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமாகும்வரை ஒரு காலின் ஹோம் ஆப்செட் எண்ணைத் திருத்துங்கள்.

இறுதியாக ஒன்று. ஆபத்தில் அழுத்தும் சிவப்புப் பொத்தானை மென்பொருளிடம் மட்டும் ஒப்படைக்காதீர். அது மோட்டார்களின் மின்சாரத்தை நேரே துண்டிக்கவேண்டும். பலகை போனால் மற்றொன்று வாங்கலாம். விரல் போனால் எங்கே வாங்குவது?