கடவுச்சொல்லுக்கு ஒரு சிட்டிகை உப்பு

பாஸ்வேர்டு மறந்துவிட்டால் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பழையதைச் சொல்ல மட்டும் மறுக்கிறார்களே, ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிடிவாதமெல்லாம் இல்லை. ஒழுங்காகக் கட்டிய இணையதளத்துக்கு அது உண்மையிலேயே தெரியாது.

பயனர் தட்டும் சொல்லை ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு அரைத்து, கிடைக்கும் ஹாஷை மட்டுமே தரவுத்தளம் வைத்துக்கொள்கிறது. மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. அடுத்த முறை நுழையும்போது தட்டியதையும் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதோடு சரி.

ஒரே சொல் எப்போதும் ஒரே ஹாஷைத்தான் தரும் என்பதில் இருக்கிறது வில்லங்கம். அகராதி முழுவதையும் முன்கூட்டியே அரைத்துப் பட்டியலிட்டு வைத்திருக்கும் திருடனுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலை. பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மாற்று சொன்னது: ஒவ்வொருவரின் கடவுச்சொல்லோடும் 12 பிட் நீளமுள்ள ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்து அரைப்பது. அதற்கு சால்ட் என்று பெயர்; உப்பேதான். மொத்தம் 4,096 வகை உப்பு என்பதால், திருடனின் பட்டியலும் 4,096 மடங்கு வீங்கியாக வேண்டும். இதில் வேடிக்கை, உப்பு ரகசியமே இல்லை. ஹாஷுக்குப் பக்கத்திலேயே பகிரங்கமாகக் கிடக்கிறது. தெரிந்தால் தெரியட்டும், கணக்குகளை மொத்தமாக உடைக்க விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

இவ்வளவு பழைய பாடத்தைப் பெரிய நிறுவனங்களே படிக்கவில்லை. ராக்யூ 2009-இல் பறிகொடுத்த 3.2 கோடி கடவுச்சொற்கள் அரைக்கப்படாமல் அப்படியே கிடந்தவை. 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் ஹாஷ்களில் உப்பு இல்லை. சோம்பல் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல? பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் தளம் எதுவானாலும், அங்கே வைத்த சொல்லை வேறெங்கும் வைக்காமல் இருப்பது நல்லது.

இன்று உப்பு மட்டும் போதாது, அரைப்பதும் மெதுவாக நடக்க வேண்டும். 1999-இல் வந்த பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறை வேண்டுமென்றே நிதானமானது. அதன் செலவு எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இருமடங்காகும். நுழைகிறவருக்கு அந்தத் தாமதம் உறைக்காது. கோடிக்கணக்கில் முயன்று பார்ப்பவனுக்கோ கட்டுப்படியாகாது. 2015-இல் கடவுச்சொல் ஹாஷ் முறைகளுக்கான போட்டியில் வென்ற ஆர்கான்2 கணினியின் நினைவகத்தையும் சேர்த்து விழுங்கும்.

தாம்சனின் சொந்தக் கடவுச்சொல்லோ, பழைய யூனிக்ஸ் கோப்பொன்றில் ஹாஷாகச் சுமார் 40 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2019-இல் ஒரு கிராபிக்ஸ் கார்டு நான்கு நாளுக்கு மேல் மல்லுக்கட்டி அதை உடைத்தது. எட்டே எழுத்து: ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னகர்த்தும் சதுரங்கத் தொடக்கம். உடைத்தவருக்குத் தாம்சன் வாழ்த்துச் சொன்னார்.