விற்பனை இருந்தும் கையில் காசு நிற்கலையா? பழைய கணக்கு நோட்டிலேயே விடை இருக்கு!

இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு சின்ன கடை. கிலோ பாக்கெட் 45 ரூபாய். புதிதாக ஒரு ஹோட்டல்காரர் வந்து, "மாசம் 1,000 கிலோ எடுத்துக்கிறேன், 38 ரூபாய்க்குத் தாங்க" என்கிறார். கடைக்காரர் நோட்டைப் புரட்டுகிறார். போன மாதம் 4,500 பாக்கெட், மொத்தச் செலவு 1,96,200 ரூபாய். பாக்கெட்டுக்கு 43 ரூபாய் 60 காசு. "கட்டுப்படியாகாதுங்க" என்று அனுப்பிவிடுகிறார்.

அவர் செய்தது சரியா? (எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்கான உதாரணம்தான்.)

ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவு

கடை வாடகை, மாதச் சம்பளம், வண்டிக்கான இஎம்ஐ இதெல்லாம் ஒரு பாக்கெட்கூட விற்காவிட்டாலும் வரும். இது நிலையான செலவு. அரிசி, உளுந்து, வெந்தயம், கவர் எல்லாம் விற்பனையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். இது மாறும் செலவு. குழப்பமே நடுவில் இருப்பதில்தான். கரண்ட் பில்லையே எடுத்துக்கோங்க. கிரைண்டர் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு, ஓடினால் யூனிட்டுக்குத் தனி. இப்படிக் கலந்து கிடப்பதை எப்படிப் பிரிப்பது?

ரெண்டு மாதக் கணக்கு போதும்

கடந்த 12 மாதத்தில் அதிகமாக விற்ற மாதம், குறைவாக விற்ற மாதம் இரண்டையும் எடுங்க. செலவை வைத்து இல்லை, விற்ற பாக்கெட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கணும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

அதிகம்: 6,000 பாக்கெட், செலவு 2,46,000 ரூபாய்.
குறைவு: 3,500 பாக்கெட், செலவு 1,61,000 ரூபாய்.

2,500 பாக்கெட் கூடியதற்கு 85,000 ரூபாய் கூடியிருக்கு. வகுத்தால் பாக்கெட்டுக்கு 34 ரூபாய். இது மாறும் செலவு. 6,000 பாக்கெட்டுக்கு இது 2,04,000. மொத்தத்தில் கழித்தால் மிச்சம் 42,000. அதுதான் மாதாந்திர நிலையான செலவு.

போன மாதத்தை வைத்துச் சோதிப்போம். இந்தக் கணக்குப்படி 4,500 பாக்கெட்டுக்கு 1,95,000 வரணும். உண்மையில் ஆனது 1,96,200. பரவாயில்லை, கிட்டத்தட்ட சரி.

அப்போ ஹோட்டல் ஆர்டர்?

வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுத்தாகணும். கூடுதல் ஒரு கிலோவுக்கு ஆவது 34 ரூபாய்தான். 38-க்கு விற்றால் 4 ரூபாய் மிஞ்சும், மாதம் 4,000 ரூபாய். அதைத்தான் கடைக்காரர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஆனா, சப்ளை செய்யத் தனியாக பெட்ரோல் செலவு, ரெண்டு மாசம் கடன் என்றால் அந்த 4 ரூபாய் கரைந்துவிடும். மற்ற வாடிக்கையாளர்களும் 38-க்குக் கேட்க ஆரம்பித்தாலும் சிக்கல்தான்.

45 ரூபாய் விற்பனையில் பாக்கெட்டுக்கு 11 ரூபாய் மிஞ்சுது. 42,000-ஐ 11-ஆல் வகுத்தால், மாதம் 3,819 பாக்கெட் விற்றால்தான் நஷ்டம் இல்லை. 3,500 விற்ற மாதத்தில் 3,500 ரூபாய் கைநஷ்டம். இதில் வீட்டு ஆட்களின் உழைப்புக்குச் சம்பளம் போடலை என்றால் உண்மையான நஷ்டம் இன்னும் அதிகம்!

எங்கே சறுக்கும்?

தீபாவளி போனஸ் கொடுத்த மாதம், கிரைண்டர் ரிப்பேரான மாதம் இவற்றை அளவுகோலாக எடுக்காதீங்க. இடையில் உளுந்து விலை ஏறியிருந்தால், பழைய மாதத்தையும் இன்றைய விலைக்கு மாற்றிப் போடணும். ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லை ஒரே மாதத்தில் ஏற்றக் கூடாது. 3,500 முதல் 6,000 வரை பார்த்த கணக்கு 9,000 பாக்கெட்டுக்குப் பொருந்தாது. அப்போ இன்னொரு கிரைண்டர், இன்னொரு ஆள் வேணும், நிலையான செலவே மாறிடும்.

ரெண்டு மாதத்தை மட்டும் நம்பத் தயக்கமா? 12 மாதத்தையும் போனில் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் போடுங்க. ஒரு வரிசையில் பாக்கெட், பக்கத்தில் செலவு. 'ஸ்லோப்' ஃபார்முலா மாறும் செலவையும், 'இன்டர்செப்ட்' நிலையான செலவையும் சொல்லும். இரண்டிலுமே செலவு வரிசையை முதலில் கொடுக்கணும், மாற்றிக் கொடுத்தால் விடை தப்பாக வரும்.